மாடியில் வைத்த அக்சஸ் பாயிண்ட்: உள் செட்டிங்குகளைச் சரிசெய்யும் முறை

ஃபைபர் இணைப்புப் பெட்டி கீழே ஹாலில், டிவி ஷோகேஸ் பக்கத்தில் இருக்கிறது. மாடி அறைக்குச் சிக்னல் ஏறவில்லை என்று லேன் கேபிள் இழுத்து மேலே இன்னொரு அக்சஸ் பாயிண்டை மாட்டிவிட்டீர்கள். விளக்கு எரிகிறது, வைஃபை பெயரும் போனில் தெரிகிறது. ஆனாலும் மாடியில் வீடியோ கால் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. போனைப் பார்த்தால், அது இன்னும் கீழே இருக்கும் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் இன்னும் விலை கூடிய பெட்டி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசியமில்லை. கடையிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியும், வீட்டில் தான் மட்டுமே இருக்கப்போவதாக எண்ணி அமைக்கப்பட்டது: முழு சக்தி, அகலமான சேனல், மற்றதெல்லாம் ‘ஆட்டோ’. அப்படிப்பட்ட இரண்டு பெட்டிகள் ஒரே வீட்டில் இயங்கும்போது ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். அவை இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதில் பாதிக்கு மேல் எதையாவது குறைப்பதாகவே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு லேப்டாப், இரண்டு மீட்டர் லேன் கேபிள், வைஃபை அனலைசர் செயலி போட்ட ஆண்ட்ராய்டு போன், ஒரு தாளும் பேனாவும். ஐபோனில் இந்த வகைச் செயலிகள் பெரும்பாலும் பக்கத்து நெட்வொர்க்குகளின் சேனல்களைக் காட்டுவதில்லை. அதனால் ஆண்ட்ராய்டு போன் இல்லாவிட்டால் யாரிடமாவது ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.

தாள் எதற்கு? மாற்றும் ஒவ்வொரு செட்டிங்கிலும் பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்று எழுதுவதற்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சோதியுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

முதலில் பாதுகாப்பு

- சுவரில் துளை போடுமுன் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் மின்கம்பிக் குழாய் ஓடும். அந்தக் கோட்டில் துளையிடவே கூடாது.
- 230 வோல்ட் கம்பி ஓடும் அதே குழாயில் லேன் கேபிளை நுழைக்காதீர்கள். இடம் இருக்கிறதே என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் மின்சாரம் உங்கள் லேப்டாப் வரை வந்துவிடும்.
- லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் அக்சஸ் பாயிண்ட் என்றால், அதனோடு வந்த அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் வரும் அடாப்டர், எதிர்முனையில் சரியான கருவி இருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகுதான் 48 வோல்ட் அனுப்பும். 24 வோல்ட் ‘பாசிவ்’ வகை எதையும் கேட்காமல் அனுப்பிவிடும். அந்த முனையை லேப்டாப்பில் செருகினால் லேன் போர்ட் கருகிப்போகலாம்.
- ஃபைபர் வயரைக் கழற்றி அதன் முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.
- மொட்டை மாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்கு லேன் கேபிள் இழுக்காதீர்கள். இடி மின்னலின்போது அந்தச் செம்புக் கம்பி வழியே வரும் அதிர்ச்சி இரண்டு முனைகளிலும் உள்ள கருவிகளை எரித்துவிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக வேண்டுமென்றால் ஃபைபர்தான்.

இன்னொரு எச்சரிக்கை, இது மின்சாரம் பற்றியது அல்ல. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையை என்ன நடந்தாலும் குத்தாதீர்கள். இணைப்புக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள்தான் பதிந்திருக்கும். அழிந்துவிட்டால் வீடு முழுக்க இணையம் நின்றுவிடும், நிறுவனத்து ஆள் வந்துதான் மீண்டும் போட வேண்டியிருக்கும்.

படி 1: கேபிள் வழியாக உள்ளே நுழைதல்

1. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளில் நேராக மாடிப் பெட்டியோடு இணையுங்கள். வைஃபை வழியாக நுழைந்து வைஃபை செட்டிங்கையே மாற்றினால் பாதியில் துண்டிக்கப்படுவீர்கள்.
2. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும்.
3. அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. வைஃபை பாஸ்வேர்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பது, இது வீட்டுச் சாவி.
4. ‘பேக்கப்’ என்ற இடத்தில் இப்போதுள்ள செட்டிங்குகளை ஒரு ஃபைலாக இறக்கி வையுங்கள்.
5. ஃபர்ம்வேர் புதிதாக வந்திருந்தால் இப்போதே ஏற்றுங்கள், கேபிளில் இருந்தபடியே. பாதியில் மின்சாரம் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். அதனால் இன்வெர்ட்டரில் செருகுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால், மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் மழை வரும் மாலையிலும் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

படி 2: ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு ரவுட்டர்

ஃபைபர் பெட்டியே ரவுட்டர் வேலையைச் செய்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது அதுதான். மாடிப் பெட்டியும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால், கீழே உள்ள பிரிண்டர் மாடி லேப்டாப்புக்குத் தெரியாது, சில போன்கள் இணையமே இல்லை என்னும்.

‘ஆபரேஷன் மோடு’ என்ற பட்டியலில் ‘அக்சஸ் பாயிண்ட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். இந்தப் படி அதோடு முடிந்தது. பழைய ரவுட்டரை அக்சஸ் பாயிண்டாக மாற்றுகிறீர்கள், அந்தப் பட்டியலே இல்லை என்றால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்:

1. கீழே உள்ள ஃபைபர் பெட்டியின் செட்டிங்கில் நுழைந்து, அது எந்த முகவரியிலிருந்து எந்த முகவரி வரை கொடுக்கிறது என்று பாருங்கள். பல பெட்டிகளில் 192.168.1.2-லிருந்தே தொடங்கும். தொடக்கத்தை 192.168.1.100 ஆக மாற்றுங்கள். 2 முதல் 99 வரை இப்போது உங்கள் கைக்கு மிச்சம்.
2. மாடிப் பெட்டியின் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கி சேவ் செய்யுங்கள். திரை நின்றுவிடும், பயப்பட வேண்டாம். கேபிளைக் கழற்றிச் செருகி, புதிய முகவரியில் மீண்டும் நுழையுங்கள்.
3. இப்போது ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள்.
4. கீழிருந்து வரும் கேபிளை மாடிப் பெட்டியின் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வான் போர்ட்டில் அல்ல.

எல்லோரும் செய்யும் தவறு, மூன்றாவதை முதலில் செய்வது. டிஹெச்சிபியை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றி மாட்டினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, பெட்டிக்குள் நுழையவும் முடியாது. அப்படி ஆகிவிட்டால் மாடிப் பெட்டியை ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 3: நாடு

‘ரீஜியன்’ அல்லது ‘கன்ட்ரி’ என்ற இடத்தில் இந்தியா இருக்க வேண்டும். வேறு நாட்டைப் போட்டால் சக்தி கூடும் என்று இணையத்தில் ஆலோசனை சொல்வார்கள். இங்கே எந்த அலைவரிசையை, எவ்வளவு சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பதற்கு விதி இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி பெருமளவில் திறந்துவிடப்பட்டதே 2018-ல்தான். விதியை மீறுவதில் லாபமும் இல்லை. ஏன் என்பது படி 5-ல் தெரியும்.

படி 4: சேனல்

பொறுமையாக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. இரவு எட்டு மணிக்கு மேல், அக்கம்பக்கத்தில் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, அனலைசர் செயலியைத் திறந்து கீழேயும் மாடியிலும் நின்று பாருங்கள். பகல் பதினொரு மணிக்குக் காலியாகத் தெரியும் சேனல் இரவில் நிரம்பி வழியும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நமக்கு 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சேனல்களுக்கு நடுவே இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு வைஃபை பிடித்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். எனவே ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்க 1, 6, 11 மூன்றில் ஒன்றையே பயன்படுத்துங்கள். செயலியில் 3-ம் 4-ம் காலியாகத் தெரிகிறதே என்று அங்கே போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும், அது ஒழுங்கு. பாதி மேல் விழும் சேனலில் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் இரைச்சல். 4-ல் உட்கார்ந்தால் 1-ல் இருப்பவருக்கும் கேடு, 6-ல் இருப்பவருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு.

செய்ய வேண்டியது:

1. 1, 6, 11 மூன்றிலும் எத்தனை நெட்வொர்க்குகள், எவ்வளவு பலத்தில் தெரிகின்றன என்று எழுதுங்கள். செயலி காட்டும் எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 45 மிகப் பலமானது, மைனஸ் 85-க்கும் கீழே போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
2. கீழ்ப் பெட்டிக்கு ஒன்று, மாடிப் பெட்டிக்கு வேறொன்று என ஒதுக்குங்கள். இரண்டும் ஒரே சேனலில் இருக்கக் கூடாது.
3. சேனல் அகலத்தை 20 என்று வையுங்கள். ‘20/40 ஆட்டோ’ வேண்டாம். 40 போட்டால் இருக்கும் மூன்று இடங்களில் இரண்டை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அகலம் 80 என்று வைத்தால், ரேடார்களோடு மோதாத துண்டுகள் இரண்டு கிடைக்கும்: 36-லிருந்து 48 வரை ஒன்று, 149-லிருந்து 161 வரை இன்னொன்று. உங்களிடம் பெட்டியும் இரண்டு. கீழே 36, மாடியில் 149 என்று வைத்துவிடுங்கள். தனி வீடு என்றால் இது போதும். சுற்றிலும் இருபது முப்பது நெட்வொர்க்குகள் தெரியும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அகலத்தை 40 ஆகக் குறையுங்கள். வேகச் சோதனையில் எண் குறையும், ஆனால் வீடியோ கால் நிற்காது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

160 என்ற அகலம் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் விளம்பரமாகும். அதைப் போட்டால் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். அந்தப் பகுதியில் ரேடார்கள் இயங்குகின்றன. அங்கே போகும் அக்சஸ் பாயிண்ட், பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் ஒலித்தால் உடனே இடத்தைக் காலி செய்துவிட்டு, அடுத்த 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. மின்சாரம் போய் வந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு நிமிடம் காணாமல் போகிறது என்றாலோ, பழைய டிவி ஸ்டிக்குக்கு மட்டும் வைஃபை பெயரே தெரியவில்லை என்றாலோ, சேனல் எண் இந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குறிப்பு: சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் இணையம் தடுமாறினால் பெட்டியில் கோளாறு இல்லை. அந்த அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். பக்கத்தில் பயன்படுத்தும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

படி 5: சக்தியைக் குறைத்தல்

மாடி வீட்டுப் பிரச்சினையில் பெரும்பங்கு இங்கேதான் தீர்கிறது. ஆனால் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை.

திருவிழா ஒலிபெருக்கி பக்கத்து ஊர் வரை கேட்கும். அங்கிருந்து நீங்கள் பதில் சொன்னால் மேடையில் இருப்பவருக்குக் கேட்காது. போனுக்கும் அக்சஸ் பாயிண்டுக்கும் நடுவே நடப்பதும் இதுவே. பெட்டி முழு சக்தியில் பேசுகிறது, மாடியிலிருக்கும் போனுக்கு அது கேட்கிறது, அதனால் போன் அதையே பிடித்துக்கொள்கிறது. ஆனால் சிறிய பேட்டரியில் ஓடும் போனின் குரல் கான்கிரீட் தளத்தையும் அதற்குள் இருக்கும் கம்பிகளையும் தாண்டிக் கீழே போய்ச் சேருவதில்லை. கோடுகள் மூன்று தெரியும், வேலை நடக்காது.

ஒரு பெட்டியை விட்டு எப்போது விலகுவது என்று முடிவு செய்வது போன்தான், பெட்டி அல்ல. மைனஸ் 70-க்குக் கீழே இறங்கிய பிறகே ஐபோன் வேறு அக்சஸ் பாயிண்டைத் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் தன் ஆவணங்களில் சொல்லியிருக்கிறது. மாடியில் கீழ்ப் பெட்டி மைனஸ் 66-ல் கேட்டுக்கொண்டிருந்தால், தலைக்கு மேலேயே புதுப் பெட்டி இருந்தும் அந்தப் போன் திரும்பிப் பார்க்காது. கீழ்ப் பெட்டியின் குரல் மாடியில் மங்க வேண்டும். அதற்காகத்தான் சக்தியைக் குறைக்கிறோம்.

1. இரண்டு பெட்டிகளிலும் ‘டிரான்ஸ்மிட் பவர்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் ஹை, மீடியம், லோ என்று மூன்றே இருக்கும். சிலவற்றில் டிபிஎம் கணக்கில் எண் கேட்கும். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். ஒவ்வொரு 3 குறைப்புக்கும் சக்தி பாதியாகும்: 17 என்றால் 50, 14 என்றால் 25.
2. 5 கிகாஹெர்ட்ஸை 20-லும் 2.4-ஐ 14-லும் வைத்துத் தொடங்குங்கள். எண் இல்லாத பெட்டியில் 5-க்கு மீடியம் அல்லது ஹை, 2.4-க்கு லோ. 2.4 இயல்பாகவே சுவரைத் தாண்டித் தூரம் போகும். இரண்டையும் ஒரே சக்தியில் விட்டால் போன்கள் மெதுவான 2.4-ஐயே பிடித்துக்கொள்ளும்.
3. அனலைசர் செயலியோடு மாடிப்படிக்குப் போங்கள். படி திரும்பும் இடத்தில் நின்று போனை நெஞ்சளவில் பிடியுங்கள். கையால் போனின் மேல்விளிம்பை மூடாதீர்கள், ஆன்டெனா பெரும்பாலும் அங்கே இருக்கும். இரண்டு பெட்டிகளின் 5 கிகாஹெர்ட்ஸ் எண்களையும் பாருங்கள். எண்கள் துள்ளிக்கொண்டே இருக்கும், அரை நிமிடம் பார்த்தால் எந்த எண்ணைச் சுற்றித் துள்ளுகின்றன என்று பிடிபடும். இரண்டும் மைனஸ் 65-க்கும் 70-க்கும் நடுவில் வந்தால் எல்லை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.
4. அங்கிருந்து நாலு படி மேலே ஏறுங்கள். கீழ்ப் பெட்டி சரசரவென்று இறங்கி மாடிப் பெட்டி ஏற வேண்டும். ஏறியும் கீழ்ப் பெட்டியே பலமாக இருந்தால், அதன் சக்தியை இன்னும் 3 குறைத்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.
5. கடைசியாக ஒவ்வொரு அறையின் மூலைக்கும் போங்கள். வீடியோ கால் பேசும் இடத்தில் மைனஸ் 67-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் மைனஸ் 75 வந்தால் சக்தியைக் கூட்டாதீர்கள். வழியில் இரும்பு பீரோவோ ஆளுயரக் கண்ணாடியோ நிற்கிறதா என்று பார்த்து, பெட்டியை ஓரடி ஈரடி நகர்த்துங்கள்.

ஃபைபர் பெட்டியில் சக்தி செட்டிங்கே இல்லாமல் இருக்கலாம், இணைய நிறுவனம் அதை மறைத்திருக்கும். அப்போது அதன் வைஃபையை அணைத்துவிட்டு, கீழேயும் சொந்தமாக ஒரு அக்சஸ் பாயிண்ட் வைப்பதுதான் உருப்படியான வழி.

படி 6: படியேறும்போது அறுபடாமல் இருக்க

இரண்டு பெட்டிகளிலும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெயரில் ஒரு இடைவெளி கூடினாலும் போனுக்கு அது வேறு நெட்வொர்க். ‘மாடி’, ‘கீழ்’ என்று தனித்தனிப் பெயர் வைத்தால், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் நீங்கள்தான் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

802.11கே, 802.11வி என்ற இரண்டு செட்டிங்குகள் இருந்தால் இயக்குங்கள். பக்கத்தில் வேறு எந்தப் பெட்டி இருக்கிறது என்று போனுக்கு அவை சொல்லிக்கொடுக்கும். 802.11ஆர் வேறு வகை. ஒரே நிறுவனத்தின், ஒன்றாக நிர்வகிக்கப்படும் பெட்டிகளுக்கு நடுவில்தான் அது பயன்படும். பழைய பிரிண்டர்கள் சில அதை இயக்கியதும் இணைய மறுக்கும். இயக்கிப் பார்த்து ஏதாவது முரண்டு பிடித்தால் அணைத்துவிடுங்கள்.

‘மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ’ என்பது, சிக்னல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன கருவியைப் பெட்டியே வெளியேற்றுவது. சக்தியைச் சரியாகக் குறைத்த வீட்டில் இது தேவைப்படுவதில்லை. போட்டே ஆக வேண்டுமானால் மைனஸ் 80-க்கு மேல் போகாதீர்கள். மைனஸ் 70 என்று போட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே உள்ள கேமரா விட்டு விட்டு அறுபடுகிறதே என்று தேடுபவர்கள் உண்டு.

படி 7: பூட்டு

2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் பதிவாவது உங்கள் முகவரிதான். இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. பாதுகாப்பு வகையில் ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ கலப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். ‘டிகேஐபி’ என்ற சொல் வரும் எதையும் தொடாதீர்கள். பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும்.
2. ‘பிஎம்எஃப்’ என்று ஒன்று இருக்கும். ‘கேப்பபிள்’ அல்லது ‘ஆப்ஷனல்’ என்று வையுங்கள். ‘ரிக்வயர்டு’ போட்டால் பழைய ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் இணையாது.
3. டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணைப் பெட்டி இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் முந்தைய ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக, திறக்க முயல்பவர் அதிகபட்சம் 11,000 எண்களைப் போட்டுப் பார்த்தால் போதும். இது வெளிவந்தது 2011-ன் கடைசியில். இன்றும் பல பெட்டிகள் இதைத் திறந்து வைத்தபடியே வருகின்றன.
4. பாஸ்வேர்டாகக் கைப்பேசி எண்ணை வைக்காதீர்கள். நம் ஊரில் தெருவுக்குப் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. போன் இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்கள் அத்தனையையும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு சில மணி நேரத்துக்குள் முயன்று முடித்துவிடும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். நினைவிலும் நிற்கும், உடைப்பதும் கடினம்.

வைஃபை பெயரை மறைத்து வைப்பதும் மேக் முகவரியை வைத்து வடிகட்டுவதும் வீண் வேலை. மறைத்த பெயரை, ஏதாவது ஒரு கருவி இணையும் நேரத்தில் ஒட்டுக்கேட்பவர் எளிதாகப் பிடித்துவிடுவார். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் நிஜ மேக் முகவரிக்குப் பதில் தாங்களே உருவாக்கிய ஒன்றைக் காட்டுவதால், உங்கள் வீட்டுப் போன்களே வெளியே நிற்கும்.

விருந்தாளிகளுக்கும் ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவற்றுக்கும் ‘கெஸ்ட்’ நெட்வொர்க் ஒன்றை 2.4-ல் மட்டும் தனிப் பெயரில் திறக்கலாம். ஆனால் அக்சஸ் பாயிண்ட் மோடில் பல பெட்டிகளின் கெஸ்ட் பிரிப்பு பெயருக்குத்தான் இருக்கும். சோதிப்பது எளிது: கெஸ்ட்டில் இணைந்த போனின் பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். ஃபைபர் பெட்டியின் நுழைவுப் பக்கம் திறந்தால் பிரிப்பு வேலை செய்யவில்லை. அதை நம்பி யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள்.

தொடாமல் விட வேண்டியவை

பீக்கன் இன்டர்வல் 100, ஆர்டிஎஸ் த்ரெஷோல்டு 2347, டிடிஐஎம், ஷார்ட் கார்டு இன்டர்வல், எம்யூ-மிமோ: எல்லாம் வந்தபடியே இருக்கட்டும். டபிள்யூஎம்எம் மட்டும் அணைந்திருந்தால் இயக்குங்கள். அது அணைந்திருந்தால் புதிய கருவியும் பழைய 54 எம்பிபிஎஸ் வேகத்துக்கு விழுந்துவிடும். 2.4-ல் ‘802.11பி’ ஆதரவை அணைக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். அதன் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஊர்ந்து போகும் அறிவிப்புகள் எல்லோருடைய நேரத்தையும் தின்கின்றன.

சோதனை

1. லேப்டாப்பை கேபிளில் மாடிப் பெட்டியோடு இணைத்து வேகம் பாருங்கள். உங்கள் திட்டம் 200 எம்பிபிஎஸ், வருவதோ 94, 95-ஐத் தாண்டவில்லை என்றால் வைஃபையைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று பிடிக்காமல் இருக்கும். நாலு கம்பியில் 100 வரைதான் ஓடும், அதற்கு மேல் எட்டும் வேண்டும். இரு முனைகளிலும் கனெக்டரை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.
2. அக்சஸ் பாயிண்டுக்கு மூன்று மீட்டருக்குள் நின்று 5 கிகாஹெர்ட்ஸில் பாருங்கள். பிறகு தூரத்து அறையில்.
3. யாருக்காவது வீடியோ கால் போட்டு, பேசிக்கொண்டே ஹாலிலிருந்து மாடிக்கு ஏறுங்கள். படி திரும்பிய பிறகு ஒரு நொடி தயங்கி மீண்டால் நல்லது. பத்து நொடி நின்றால் படி 5-க்குத் திரும்புங்கள்.

எல்லாம் சரியானதும் இரண்டு பெட்டிகளிலும் மீண்டும் ஒரு பேக்கப் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். உள்ளே நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டால், மாடிப் பெட்டியின் ரீசெட் துளையில் ஊசியை வைத்து விளக்குகள் எல்லாம் ஒருசேர மினுக்கும் வரை, சுமார் பத்து விநாடி, அழுத்துங்கள். கீழிருந்து வரும் கேபிளை அப்போதே கழற்றிவிடுங்கள். ரீசெட் ஆன பெட்டி பழையபடி டிஹெச்சிபியோடு எழுந்து வீடு முழுக்க முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். லேப்டாப்பை மட்டும் இணைத்து, பேக்கப் ஃபைலை ஏற்றி, அது மறுபடி 192.168.1.2-ல் திறக்கிறது என்று பார்த்த பிறகு கேபிளைச் செருகுங்கள்.